உப்புக் காற்றில் ஓப்பன் டாப்: ஜிப்ஸியா, பழைய தாரா, புது தாரா?

நான்கு பேர் உட்கார வேண்டும், கூரையைக் கழற்றிவிட்டு ஓட்ட முடிய வேண்டும், ஐந்து லட்சத்தை ஒட்டி முடிய வேண்டும். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு பழைய வண்டி தேடினால் நம் பக்கம் கடைசியில் மிஞ்சுவது இரண்டு பெயர்தான்: மாருதி ஜிப்ஸி, 2010-ல் வந்த பழைய மஹிந்திரா தார். கொஞ்சம் கடனுக்குத் துணிந்தால் 2020 அக்டோபரில் வந்த புது தாரின் கன்வெர்டிபிளையும் சேர்த்துக்கொள்ளலாம். நான் ராமேஸ்வரம் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் மண்டபம் ஊர்க்காரன். மூன்றையும் ஓட்டிப் பார்த்து, மூன்றின் அடியிலும் படுத்துப் பார்த்துவிட்டு ஜிப்ஸி வாங்கினேன். இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

முதலில் தள்ள வேண்டியதைத் தள்ளிவிடுகிறேன். ஆடி ஏ3 கேப்ரியோலே, மினி கூப்பர் கன்வெர்டிபிள் இரண்டும் அழகான வண்டிகள். பட்டனை அழுத்தினால் 18 வினாடியில் கூரை மடங்கிவிடும். ஆனால் என் பட்ஜெட்டுக்குப் பக்கத்திலேயே வரவில்லை. வந்திருந்தாலும் தனுஷ்கோடி ரோட்டில் காற்று வாரிக் கொட்டும் மணலை நினைத்தால், மோட்டாரும் ஹைட்ராலிக்கும் வைத்த கூரையை இங்கே வைத்துக்கொள்ள மனசு வராது. இன்னொன்று, ஏதாவது ஒரு பழைய காரின் கூரையை வெட்டி ‘ஓப்பன்’ ஆக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். கம்பெனி கொடுத்த உடலமைப்பை மாற்றுவது சட்டப்படி தவறு, 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதைச் சொல்லிவிட்டது. சேசிஸ் (அடிச்சட்டம்) தனியாக இல்லாத காரில் கூரையும் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்குகிறது. வெட்டினால் கதவுகூட ஒழுங்காக மூடாது.

சரி, மிச்சம் மூன்று. ஓட்டுகிற சுகத்தை மட்டும் பார்த்தால் வரிசை தெளிவு. புது தார் முதலிடம். பின் சீட் இரண்டும் முன்னால் பார்த்தபடி இருக்கின்றன, பெல்ட் இருக்கிறது, ஏர்பேக் இருக்கிறது, குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 4 ஸ்டார். பழைய தாரின் சி.ஆர்.டி.இ. என்ற மாடல் அடுத்தது: 2.5 லிட்டர் டீசல், 105 குதிரைத்திறன், ஏ.சி., பவர் ஸ்டீயரிங், இழுவையில் குறையே இல்லை. ஜிப்ஸி கடைசி. 1.3 லிட்டர் பெட்ரோல், கார்புரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. (பெட்ரோலை ஊசி முனையால் பீய்ச்சும் முறை) ஆன பிறகும் 80 குதிரைத்திறன்தான். முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங் என்பதால் உச்சிப்புளி தாண்டுவதற்குள் முதுகு பேச ஆரம்பித்துவிடும். பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சு, சின்னப் பிள்ளைகளை உட்கார வைக்க ஏற்ற இடமே இல்லை. பழைய தாரிலும் பின்னால் இதே பெஞ்சுதான். வீட்டில் கைக்குழந்தையோ முட்டிவலிக்காரரோ இருந்தால் இதற்கு மேல் படிக்கவே வேண்டாம். கடன் வாங்கியாவது புது தாருக்குப் போங்கள்.

மதுரையிலோ கோவையிலோ இருப்பவருக்கும் நான் ஜிப்ஸியைச் சொல்ல மாட்டேன். இந்தக் கரையில் இருப்பவருக்குத்தான் சொல்கிறேன். காரணம் ஒன்றே ஒன்று: துரு.

பாம்பன் பழைய ரயில் பாலத்தைத் தினமும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1914-ல் திறந்த பாலம். ஆட்கள் வைத்துப் பெயிண்ட் அடித்துக்கொண்டே இருந்தார்கள், அப்படியும் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். பாலத்துக்கே இந்தக் கதி என்றால், தாள் மாதிரித் தகட்டில் செய்த வண்டிக்கு என்ன ஆகும்?

மழை பெய்தால்தான் துரு என்று பலர் நினைக்கிறார்கள். கடற்கரையில் அப்படி இல்லை. காற்றில் ஈரப்பதம் எழுபத்தைந்து சதவீதத்தைத் தாண்டினால் தகட்டில் படிந்த உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். நம் பக்கம் பெரும்பாலான ராத்திரிகளில் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டிவிடுகிறது. அதாவது ஷெட்டில் சும்மா நிற்கிற வண்டியும் விடிய விடிய நனைந்துகொண்டுதான் இருக்கிறது. மேலே கவர் போட்டு இறுக்கிக் கட்டினால் இன்னும் மோசம், ஈரம் உள்ளேயே தங்கிவிடும். காற்றோட்டமான கூரைக்கடியில் திறந்து விடுவதே மேல்.

ஓப்பன் டாப் வண்டிக்கு இதில் ஒரு கூடுதல் பாடு இருக்கிறது. ஹூட்டின், அதாவது ரெக்ஸின் கூரையின், ஜிப் வழியாகவும் ஓரத்து வழியாகவும் உப்பும் மணலும் உள்ளே வந்துகொண்டே இருக்கும். வந்தது ரப்பர் மேட்டுக்கு அடியில் போய் உட்காரும். மேலே இருந்து பார்த்தால் வண்டி பளபளப்பாக இருக்கும். தகடு உள்ளிருந்து கரையும்.

கீழக்கரையில் ஒரு பழைய தார் பார்த்தேன். சிவப்புப் பெயிண்ட், புது டயர், இன்ஜின் சத்தமும் சுத்தம். கூட வந்த மெக்கானிக் அண்ணன் போனட்டைத் திறக்கவே இல்லை. “தம்பி, பெயிண்ட்ட விடுங்க, கீழ படுத்துப் பாருங்க” என்றார். அடியில் கறுப்பாக, ரோட்டுக்குப் போடும் தார் மாதிரி ரப்பர் கோட்டிங் புதிதாக அடித்திருந்தது. ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போனார். டங் டங் என்று வந்த சத்தம் டிரைவர் சீட்டுக்கு நேர் கீழே டப் என்று அமுங்கியது. அந்த இடத்தில் முனையை வைத்து லேசாக அழுத்தினார். கோட்டிங்கோடு தகடும் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. மேலே ஒட்டியிருந்த தரைவிரிப்பைத் தூக்கினால், துருவின் மேல் படகுக்கு ஒட்டுவது போல ஃபைபர் ஒட்டி மூடியிருந்தார்கள். ஃபைபர் துருவை நிறுத்தாது, ஈரத்தை அடைத்து வைக்கும், அவ்வளவுதான்.

தார் மட்டும்தான் இப்படி என்று நான் சொல்லவில்லை. ஜிப்ஸியின் தகடு இன்னும் மெல்லிசு, ஓட்டை விழுவதில் அது முந்திக்கொள்ளும். நான் ஜிப்ஸியைத் தேர்ந்தெடுத்தது துருப்பிடிக்காது என்பதற்காக இல்லை. பிடித்தால் கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு எட்டுகிறது என்பதற்காக. உள்ளே ஒட்டிய விரிப்பு, லைனிங் எதுவும் இல்லை. மேட்டைத் தூக்கினால் வெறும் தகடு. பாடி முழுவதும் சேசிஸ் மேல் போல்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. மொத்த வண்டியே ஒரு டன்னை ஒட்டித்தான் என்பதால் போல்ட்டுகளைக் கழற்றி நாலைந்து பேர் சேர்ந்து பாடியைத் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். தரைத் தகடு போனால் அளவுக்கு வெட்டி வெல்டிங் செய்ய ராமநாதபுரத்திலேயே ஆள் இருக்கிறார்கள். முன்பக்கமும் ஒரே அச்சு, பட்டை ஸ்பிரிங் என்பதால் லாரி, ஜீப் பார்க்கிற எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். பழைய தாரின் முன்பக்கம் டார்ஷன் பாரும் (முறுக்கிக் கொடுக்கும் ஸ்பிரிங் கம்பி) பால் ஜாயின்ட்டும் (உருண்டை மூட்டு). உப்பில் அவை இறுகிப்போனால் கழற்றுவதற்கே பாதி நாள் ஆகும். ராணுவம் நிறைய ஓட்டிய வண்டி என்பதால், பொதுமக்களுக்கு விற்பதை 2019-ல் நிறுத்திய பிறகும் ஜிப்ஸியின் உதிரி பாகங்கள் கிடைக்கின்றன.

புது தாரின் தரையில் தண்ணீர் வடிய ஓட்டையும் மூடியும் வைத்திருக்கிறார்கள், நல்ல யோசனை. ஆனால் சென்சார், ஒயரிங் எல்லாம் அதிகம். பத்து வருஷ உப்புக் காற்றுக்குப் பிறகு அந்தக் கனெக்டர்கள் எப்படி இருக்கும் என்று பார்க்க, வண்டி வந்தே அத்தனை வருஷம் ஆகவில்லை. நான் ஓட்டியதும் கொஞ்ச தூரம்தான். அதனால் அதைப் பற்றிக் கறாராக எதுவும் சொல்ல மாட்டேன்.

பராமரிப்பில் நான் செய்வது பெரிய வித்தை இல்லை. முக்கியமானது தண்ணீர். தீவுப் பக்கம் பல இடங்களில் போர் தண்ணீரே உவர்ப்பு. அதில் வண்டி கழுவினால் உப்பைத் துடைத்துவிட்டு உப்பையே பூசுகிற வேலை. மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து அடிப்பக்கத்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்துகிறேன். சேசிஸ் பக்கவாட்டில் இருக்கும் ஓட்டையில் ஹோஸை நுழைத்துத் திறந்துவிட்டால், முதலில் மறுமுனையில் ஒன்றுமே வராது. கம்பியால் குத்திவிட்டதும் காபி நிறத்தில் தண்ணீரும் கூடவே மணலும் கொட்டும். தெளிந்த தண்ணீர் வரும்வரை விட வேண்டும், நன்றாகக் காய்ந்த பிறகு உள்ளே மெழுகுப் பூச்சு அடிக்க வேண்டும். ஜீப்காரர்கள் பலர் கழிவு ஆயிலை அடிப்பார்கள். அது ரப்பர் புஷ்ஷை ஊறவைத்துக் கெடுக்கும், மணலையும் ஒட்டவைக்கும், மழையில் தரைக்கும் இறங்கும். நான் அதைச் செய்வதில்லை.

ஹூட் விஷயத்தில் ஜிப்ஸிக்கு இன்னொரு லாபம். வெயிலில் ரெக்ஸின் வெடிக்கும், பிளாஸ்டிக் ஜன்னல் மஞ்சளாகிப் பார்வை மங்கும், இதைத் தவிர்க்க முடியாது. ஜிப்ஸிக்குச் சீட் கவர் தைக்கிறவரே அளவெடுத்துத் தைத்துவிடுவார். அப்புறம் வாடைக்காற்று தொடங்கும் ஐப்பசிக்குள் தைத்துவிடுங்கள், மழையில் கிழிந்த ஹூட்டோடு அலைவது கொடுமை.

வாங்கப் போகிறவர்களுக்குக் கடைசியாகச் சில விஷயங்கள். கடற்கரை ஊர் வண்டியை விட்டுவிட்டு சேலம், கோவை, தேனி பக்கம் தேடுங்கள். டி.என். 65 என்று ராமநாதபுரம் நம்பர் இருந்தால் இரண்டு மடங்கு நேரம் அடியில் படுத்துப் பாருங்கள். ஜிப்ஸியில் முன் சக்கர நக்கிளில் (சக்கரம் திரும்பும் மூட்டு) கிரீஸ் ஒழுகுகிறதா, அறுபதில் ஸ்டீயரிங் ஆடுகிறதா என்று பாருங்கள், கிங்பின் பேரிங் தேய்ந்திருக்கலாம். ஆர்.சி.யில் சாஃப்ட் டாப் என்றும் சீட் எண்ணிக்கை எத்தனை என்றும் இருப்பது வண்டியோடு ஒத்துப்போக வேண்டும். பதினைந்து வருஷம் முடிந்திருந்தால் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை எஃப்.சி. (தகுதிச் சோதனை) பார்த்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அதற்குக் கட்டணத்தை 5,000 ரூபாய் ஆக்கினார்கள், பசுமை வரி தனி. 2012-க்குப் பிந்தைய வண்டியாகக் கிடைத்தால் ஐம்பதாயிரம் கூடக் கொடுக்கலாம். பெயிண்ட் மங்கியிருந்தாலும் பரவாயில்லை. அடியில் புதுக் கறுப்புக் கோட்டிங் இருந்தால் மட்டும், அதைச் சுரண்டிப் பார்க்க விற்பவர் சம்மதிக்காதவரை முன்பணம் கொடுக்காதீர்கள்.