வீட்டுக்கே வரும் வலி தணிப்பு சேவை: 5க்கு 4

மதுரையில் அப்பத்தாவுக்குப் புற்றுநோய் முற்றியபோது, வீட்டுக்கே வந்து பார்க்கும் ஒரு வலி தணிப்பு சேவையை எடுத்தோம். நர்ஸ் அக்கா வாரம் இரண்டு தடவை வந்து படுக்கைப் புண்ணைக் கழுவிக் கட்டுவார், வலியை அடக்கும் மார்ஃபின் மாத்திரை நேரத்தை காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போவார். "என்னைக் கொண்டுபோயிரு சாமி" என்று புலம்பிய கிழவி, வலி அடங்கிய மூன்றாம் நாள் வெத்தலை கேட்டார்.

கருணைக்கொலையைச் சட்டமாக்கலாம் என்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: முதலில் வலியை அடக்குங்கள். அதுவும் எங்கள் சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம். தலைக்கூத்தல் என்று எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்துக் கிழடுகளைச் சாகடித்து அனுப்பிவைத்த மண்ணில் 'சம்மதம்' யாருடையது? 2018இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவதை மட்டும்தான், ஊசி போட்டு முடிப்பதை அல்ல. சரி, சேவைக்கு வருவோம்: ஒரே குறை, ராத்திரியில் போன் எடுக்கவே மாட்டார்கள்.