ஃபார்மெட் அடிக்கும் முன்: ஏறாத விண்டோஸ் அப்டேட்டுக்கு எந்த வழி நல்லது?

சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தாமானில் மடிக்கணினி கோளாறு என்றால் முதலில் காதில் விழும் சொல் "ஃபார்மெட்", அதாவது டிஸ்க்கைத் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது. போன வருடம் பக்கத்து வீட்டுப் பெண்ணின் மடிக்கணினியில் அப்டேட் ஏறவே இல்லை. பாதி தூரம் போகும், மறுதொடக்கம் ஆகும், "மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம்" என்று பழைய நிலைக்கே வந்து நிற்கும். ஒரு கடையில் கொடுத்தார்கள். 80 வெள்ளி வாங்கிக்கொண்டு ஃபார்மெட் அடித்துக் கொடுத்தார்கள். அப்டேட் ஏறிவிட்டது. ஆனால் படிவம் ஐந்துக்கான குறிப்புகளும், தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அவள் தாத்தாவின் படங்களும் போய்விட்டன. "அண்ணே, அப்டேட்டுதானே ஏறல, தாத்தா படம் எதுக்குப் போச்சு?" என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் இதை எழுத வைக்கிறது.

எந்த வழியை எடுப்பது என்பது, அப்டேட் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. இறங்கும்போதே நிற்கிறதா, இறங்கிய பிறகு நிறுவும்போது விழுகிறதா, மறுதொடக்கத்துக்குப் பிறகு திரும்பி வருகிறதா? அமைப்புகளில் அப்டேட் வரலாற்றைத் திறந்தால் பிழை எண் இருக்கும். அதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 80070070 என்று முடிந்தால் டிஸ்க்கில் இடமில்லை, அவ்வளவுதான். பழைய வீடியோக்களை வெளியே எடுத்து வைத்தாலே வேலை முடிந்துவிடும். போன் ஹாட்ஸ்பாட்டில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள்: அந்த இணைப்பு "மீட்டர்ட்" (டேட்டா அளவு பார்த்துச் செலவழிக்க வேண்டியது) என்று குறிக்கப்பட்டிருந்தால் பெரும்பாலான அப்டேட்டுகள் தானாக இறங்காது. அது கோளாறே இல்லை.

இறங்கும்போதே நிற்கிறது என்றால் பலரும் சொல்வது, தற்காலிகக் கோப்புகளைத் துடைப்பது. விண்டோஸ் அப்டேட் சேவையையும், பின்னணியில் கோப்புகளை இறக்கும் பிட்ஸ் சேவையையும் நிறுத்திவிட்டு, விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன் என்ற கோப்புறையின் பெயரை மாற்றிவிடுவார்கள். விண்டோஸ் அதைப் புதிதாக உருவாக்கிக்கொள்ளும். நம் கோப்புகளுக்கு ஆபத்தில்லை, ஐந்து நிமிட வேலை. ஆனால் பாதி இறங்கியதும் அதோடு போய்விடும், முதலிலிருந்து இறக்க வேண்டும். ஃபைபர் உள்ள வீட்டில் அது ஒன்றுமில்லை. ஹாட்ஸ்பாட்டில் மாதக் கடைசியில் அது பெரிய விஷயம். அதனால் நான் இதை ஒருமுறைக்கு மேல் செய்வதில்லை.

நிறுவும்போது விழுந்தாலும், மறுதொடக்கத்துக்குப் பிறகு திரும்பி வந்தாலும், விண்டோஸின் கெட்டுப்போன கோப்புகளைச் சரிசெய்யும் டிஸ்ம், எஸ்எஃப்சி என்ற இரண்டு கட்டளைகள். முதலில் டிஸ்ம், அப்புறம் எஸ்எஃப்சி, வரிசை முக்கியம். டிஸ்ம் விண்டோஸின் மூலக் கிடங்கைச் சரி செய்கிறது. அந்தக் கிடங்கிலிருந்து நல்ல கோப்பை எடுத்துத்தான் எஸ்எஃப்சி கெட்டதை மாற்றுகிறது. கிடங்கே கெட்டிருக்கும்போது எஸ்எஃப்சியை எத்தனை முறை ஓட்டினாலும் பயனில்லை. டிஸ்ம் ஓடும்போது 62.3 சதவீதத்தில் அசையாமல் நின்றது போலத் தெரியும். அங்கேதான் பலர் பொறுமை இழந்து மூடிவிடுகிறார்கள். மூடாதீர்கள், போய் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வாருங்கள். இதன் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. நல்ல கோப்புகளை அது வழக்கமாக விண்டோஸ் அப்டேட்டிலிருந்தே எடுக்கப் பார்க்கும். அந்த வழியே அடைபட்டிருந்தால் பென்டிரைவில் உள்ள அதே பதிப்பு விண்டோஸைக் காட்டிக் கொடுக்க வேண்டும்.

இதற்குப் போட்டியாகச் சொல்லப்படுவது, மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் என்ற இணையதளத்திலிருந்து கோப்பைக் கையால் இறக்கி நிறுவுவது. லைன் மெதுவான இடத்தில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு உதவி என்பதை நகரத்தில் இருப்பவர்கள் உணர்வதில்லை. ஈப்போவில் அக்கா வீட்டு ஃபைபரில் இறக்கி பென்டிரைவில் கொண்டு வந்துவிடலாம். விண்டோஸ் 11-க்கான மாத அப்டேட் சில ஜிபி வரை வருகிறது, ஆகவே இது சின்ன உதவி இல்லை. ஆனால் கவனம் வேண்டும். பதிப்பு எண் பொருந்த வேண்டும், ப்ராசஸர் வகையும் பொருந்த வேண்டும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்புக்கு முன்னோடியாக இன்னொரு கோப்பும் தேவைப்படலாம், அதையும் அதே கோப்புறையில் வைக்க வேண்டும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது: கேட்டலாக் பாதையைத்தான் மாற்றுகிறது, உள்ளே இருக்கும் நோயை அல்ல. கிடங்கு கெட்டிருந்தால் கையால் நிறுவினாலும் அதே இடத்தில் விழும். லைன்தான் பிரச்சினை என்றால் கேட்டலாக், கணினிக்குள் பிரச்சினை என்றால் டிஸ்ம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டுமே தோற்றால்? இங்கேதான் கடைகளில் ஃபார்மெட்டுக்குத் தாவுகிறார்கள். நடுவில் இருக்கும் ஒரு வழியைப் பாதிப் பேர் சொல்வதே இல்லை. விண்டோஸ் மேலேயே விண்டோஸை ஏற்றுவது அது. முழு விண்டோஸும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை இறக்கிக்கொண்டு, கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைத் திறந்து செட்டப்பை ஓட்ட வேண்டும். கோப்புகளும் செயலிகளும் அப்படியே இருக்கட்டும் என்ற தேர்வு வரும். சிஸ்டம் மட்டும் முழுவதும் புதிதாகிவிடும். பென்டிரைவிலிருந்து பூட் செய்தால், அதாவது கணினியை அதிலிருந்தே தொடங்கினால், அந்தத் தேர்வு கிடைக்காது. பலர் தவறுவது இந்த இடத்தில்தான். ஐஎஸ்ஓவின் மொழியும் வகையும் கணினியில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும், பதிப்பும் பழையதாக இருக்கக் கூடாது. தொடக்கத்தில் "இப்போது அப்டேட் இறக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் மெதுவான லைனிலும் முடிந்துவிடும். பழைய சிஸ்டம் பத்து நாள் வரை ஓர் ஓரமாக இருக்கும், ஒத்துவராவிட்டால் திரும்பலாம்.

விண்டோஸ் 11-இல் ஐஎஸ்ஓ கூட இல்லாமல் இதைச் செய்ய வழி வந்திருக்கிறது. அமைப்புகளில் மீட்பு என்ற பகுதியில், விண்டோஸ் அப்டேட் மூலம் சரிசெய்யும் பொத்தானைப் பாருங்கள். நல்ல லைன் இருந்தால் அதுவே எளிது. எங்கள் பக்கம் நான் ஐஎஸ்ஓவைத்தான் நம்புகிறேன். சாயங்காலம் இடி இடித்தால் லைன் போகும், சில நேரம் கரண்டும் போகும். மடிக்கணினி என்றால் பேட்டரி காப்பாற்றும். மேசைக் கணினி என்றால் காலையில் ஆரம்பியுங்கள், மழை வருவதற்குள் முடிந்துவிடும்.

ஃபார்மெட் தேவைப்படும் நேரமும் உண்டு. வைரஸ் ஆழமாகப் புகுந்துவிட்டால், கணினியை விற்கப் போனால், சரி. டிஸ்க்கே சாகிறது என்றால் ஃபார்மெட்டும் பயன்படாது. முதலில் படங்களை வெளியே எடுத்துவிட்டு டிஸ்க்கை மாற்ற வேண்டும். அப்படி எடுக்கும்போது பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டைப் போட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண் கேட்கும். கடைக்குக் கொடுக்கும் முன்பே அதைத் தேடி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விதிவிலக்கு. 2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த கேபி5034441 என்ற அப்டேட் பலருக்கு 80070643 என்ற எண்ணோடு விழுந்தது. காரணம், டிஸ்க்கில் விண்டோஸ் மீட்புக்கென ஒதுக்கிய பகுதியான மீட்புப் பகிர்வில் 250 எம்பி காலியிடம் இல்லை. துடைத்தாலும் தீராது, டிஸ்ம் ஓட்டினாலும் தீராது. அந்தப் பகிர்வைப் பெரிதாக்க வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும். அப்படி விட்டாலும் மற்ற மாத அப்டேட்டுகள் ஏறும். எண்ணை முதலில் எழுதிக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. நீட்டிப்புத் திட்டத்தில் பதியாத கணினிக்குப் புதிய மாத அப்டேட் வரவில்லை என்றால், அது பழுதல்ல.

போன மாதம் அதே பெண்ணின் மடிக்கணினி மறுபடி அப்டேட்டில் விழுந்தது. டிஸ்ம் கைவிட்டது. காலை ஒன்பது மணிக்கு அவர்கள் வீட்டு அஞ்சடியில் உட்கார்ந்து ஐஎஸ்ஓவை ஓட்டினேன், பதினொன்றரைக்கு முடிந்தது. முதல் காரியமாக அவள் படங்கள் கோப்புறையைத் திறந்தாள். அத்தையின் போனிலிருந்து மீட்ட தாத்தாவின் மூன்று படங்களும் இருந்தன.