செங்கோட்டைச் சாரலில் ஒரு வாசல் கேனோபி

செங்கோட்டையில் மேற்கு பார்த்த வாசல் இருந்தால் ஆனி, ஆடியில் என்ன பாடு என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். ஆரியங்காவு கணவாய் வழியாகப் பாயும் காற்று சாரலை அப்படியே கொண்டுவந்து கதவில் அறையும். எங்கள் வாசலுக்கு மேலே சன்ஷேடும் கிடையாது. தேக்குக் கதவு ஈரத்தில் உப்பி, தோள் கொடுத்துத் தள்ளினால்தான் திறக்கும். அதற்காகத்தான் கேனோபி, அதாவது வாசலுக்கு மேலே சுவரில் மாட்டும் சின்னக் கூரை, போட்டோம். அழகு அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது.

உள்ளூர் பட்டறையில் செய்த இரும்புச் சட்டம், பவுடர் கோட்டிங், இரண்டு பக்கமும் கொடி போல வளைத்த பிராக்கெட் (தாங்கி). மேலே 4 மில்லிமீட்டர் கனத்தில் கெட்டி பாலிகார்பனேட் (உறுதியான பிளாஸ்டிக்) ஷீட், லேசான பழுப்பு நிறம். அகலம் ஆறடி, சுவரிலிருந்து நீட்டம் மூன்றடி. பல சாரல் சீசன் பார்த்துவிட்டது, இன்னும் உறுதியாக நிற்கிறது.

வாங்கப் போகிறவர்கள் முதலில் போட வேண்டியது உயரக் கணக்கு. சாரல் 45 டிகிரி சாய்ந்து வந்தால், மூன்றடி நீட்டம் தன் விளிம்பு மட்டத்திலிருந்து கீழே மூன்றடி வரைதான் சுவரைக் காப்பாற்றும். எங்கள் கேனோபியின் வெளி விளிம்பு தரையிலிருந்து ஏழடி. ஆக, கதவின் கீழ் நாலடி நனையத்தான் செய்யும், நனைகிறது. இதையே எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று ஒன்பதடியில் மாட்டியிருந்தால் ஆறடி கதவு நனையும். கடைக்காரர்கள் படத்தில் காட்டுவதெல்லாம் உயரத்தில் மாட்டியவைதான். பார்க்க நன்றாக இருக்கும், சாரலுக்கு உதவாது. 1956 வரை கேரளப் பக்கத்துத் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர் இது. பழைய ஓட்டு வீடுகளின் தாழ்வாரம் தலையை இடிக்கிற மாதிரி இறங்கியிருப்பதன் அருமை எனக்கு இந்தக் கணக்குப் போட்ட பிறகுதான் உறைத்தது.

அப்படியானால் நீட்டிவிடலாமே என்று கேட்டேன். வெல்டிங் தம்பி ஒரேயடியாக மறுத்துவிட்டான். "அண்ணாச்சி, அஞ்சடி நீட்டுனா காத்து கீழ பூந்து தூக்கிரும். அப்புறம் தூண் ஊனணும்." அவன் சொன்னது சரி. சும்மா இருக்கும்போது எடை மேல் போல்ட்டை வெளியே இழுக்கும், கீழ்ப்பகுதியைச் சுவரோடு அழுத்தும். அடியில் காற்று புகுந்தால் இது தலைகீழாகும், அப்போது கீழ் போல்ட்டும் இழுவையைத் தாங்க வேண்டும். எங்கள் பழைய செங்கல் சுவரில், துளைக்குள்ளேயே விரிந்து பிடிக்கும் சாதாரண ஆங்கர் போல்ட்டை அவன் நம்பவில்லை. சுவரை முழுக்கத் துளைத்து, நீள போல்ட் விட்டு, உள்பக்கம் இரும்புத் தகடு கொடுத்து நட்டு முறுக்கினான். உள் சுவரில் அந்தத் தகடுகள் தெரிகின்றன. வீட்டில் முணுமுணுப்பு இருந்தது, காலண்டர் மாட்டியதும் அடங்கிவிட்டது. கீழ் நாலடிக்குக் கதவின் வெளிப்பக்கம் அலுமினியத் தகடு அடித்தோம். இப்போது கதவு உப்புவதில்லை.

ஷீட்டைப் பற்றிச் சில விஷயங்கள். புற ஊதாக் கதிரைத் தாங்கும் பூச்சு பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இருக்கும். மேலே ஒட்டிய பிலிமில் எது வெளிப்பக்கம் என்று அச்சிட்டிருப்பார்கள், அந்தப் பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் சீக்கிரம் மஞ்சளாகிவிடும். அடுத்தது, வெயிலில் இது நன்றாக விரியும். ஆறடி ஷீட், 40 டிகிரி வெப்ப வித்தியாசத்துக்குக் கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் நீளும். இரும்பு அதில் ஐந்தில் ஒரு பங்குகூட நீளாது. அதனால் துளை ஸ்க்ரூவைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், ரப்பர் வாஷர் வேண்டும், இறுக்கி நெரிக்கக் கூடாது. சித்திரை வெயிலில் சில நேரம் 'டக்' என்று சத்தம் வரும், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு மதினி விலை குறைவு என்று உள்ளே குழல் குழலாக இருக்கும் ஷீட் போட்டார்கள். ஓரங்களை டேப் போட்டு அடைக்காமல் விட்டதால் குழலுக்குள் ஈரம் இறங்கிப் பாசி பிடித்துவிட்டது. அது உள்ளே இருப்பதால் துடைக்கவும் வழியில்லை. கெட்டி ஷீட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை, ஆனால் கீறல் விழும். சோப்புத் தண்ணீரும் மெத்தென்ற துணியும் போதும். தின்னர் பக்கமே போகக் கூடாது.

கொடி வேலைப்பாடுதான் கொஞ்சம் தலைவலி. வளைவுகளின் இடுக்கில் குளவி கூடு கட்டுகிறது, வெல்டிங் இணைப்புகளில் கோட்டிங் உரிந்து துரு எட்டிப் பார்க்கிறது. வருடா வருடம் சாரலுக்கு முன்பே உரசி, பிரைமர் அடித்துப் பெயிண்ட் தொட வேண்டியிருக்கிறது. இன்னொரு முறை செய்தால் நேர்க்கம்பியே போதும் என்பேன், வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். குரங்குகள் மாடியிலிருந்து இதன்மேல் குதித்துத்தான் தெருவுக்கு இறங்குகின்றன. ஷீட்டில் ஒரு விரிசல்கூட இல்லை. கண்ணாடி போட்டிருந்தால் தினமும் வயிற்றில் புளி கரைத்திருக்கும்.

கிழக்கு பார்த்த வீட்டுக்காரர்களுக்கு இவ்வளவு பாடு வேண்டாம். சாரல் முதுகுப் பக்கம் போய்விடும், ஐப்பசி கார்த்திகை மழையை மட்டும் கணக்கில் வைத்து நீட்டத்தை முடிவு செய்தால் போதும்.