நடையைக் கூட்டுறதா, முறை வைக்கிறதா? களைப்பு நோய்க்கு ரெண்டையும் பண்ணிப் பாத்தவன் சொல்றேன்

2021ல கொரோனா வந்துச்சு, காய்ச்சல் பத்து நாள்ல போயிருச்சு, அசதி மட்டும் போகல. ரத்த டெஸ்ட் எல்லாம் நார்மல், அதனால ஊர்ல எனக்கு வச்ச பேரு சோம்பேறி. ஆறு மாசம் தாண்டுனதுக்கு அப்புறம்தான் ஒரு டாக்டர் இது நாட்பட்ட களைப்பு நோய், எம்இ சிஎஃப்எஸ்னு சொன்னாரு.

மாத்திரைப் பக்கம் ரொம்ப நேரம் நிக்க வேணாம், இதுக்குன்னு அங்கீகாரம் வாங்குன மருந்து அமெரிக்கா, இங்கிலாந்துலகூட எதுவும் இல்ல. நார்வேல ரிட்டுக்சிமாப்ங்கிற மருந்தை 151 பேர்கிட்ட பாத்து 2019ல முடிவு போட்டாங்க, டம்மி மருந்தை விட ஒண்ணும் கூடுதலா வேலை செய்யல. மிச்சம் ரெண்டு வழி. வாராவாரம் உடற்பயிற்சியைக் கூட்டிக்கிட்டே போறது ஒண்ணு, இருக்குற தெம்புக்குள்ளயே வேலையை அடக்கிக்கிறது இன்னொண்ணு. நான் ரெண்டாவது பக்கம், அதை முதல்லயே சொல்லிடுறேன்.

முதல் வழியை ஒரு டாக்டர் சொல்லி வெண்ணாத்தங்கரையில ஆரம்பிச்சேன். முதல் வாரம் அஞ்சு நிமிஷம், வாரத்துக்கு அஞ்சு கூட்டணும். நாலாவது வாரம் இருபது நிமிஷம் நடந்துட்டு வந்து அம்மாகிட்ட பெருமையா சொல்லிட்டு காப்பி குடிச்சேன், மறுநாளும் ஒண்ணும் தெரியல. மூணாம் நாள் காலைல சொம்பைத் தூக்க முடியல, கை நடுங்கி தண்ணி பாயெல்லாம் கொட்டிருச்சு, அம்மாதான் சோறு ஊட்டுனாங்க, எந்திரிக்க பதினோரு நாள் ஆச்சு.

என்னைப் பொறுத்தவரை இந்த லேட்டா விழுற அடிதான் எல்லாத்தையும் தீர்மானிக்குது. நல்லா இருக்குற ஆளை ரெண்டு நாள் அடுத்தடுத்து சைக்கிள் மிதிக்க விட்டு மூச்சை அளந்தா ரெண்டு நாளும் கிட்டத்தட்ட ஒரே அளவு வரும், இந்த நோய் உள்ளவங்களுக்கு ரெண்டாம் நாள் இறங்கிருதுன்னு பல ஆய்வுல பாத்துருக்காங்க. 2015ல அமெரிக்காவோட இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் அமைப்போட அறிக்கையும் உழைச்சதுக்கு அப்புறம் மோசமாகுறதை இந்த நோயோட முக்கிய அடையாளமா வச்சுது. அன்னைக்கே வலிச்சா நிறுத்திடலாம், இது அன்னைக்கு சிரிச்சுக்கிட்டே விட்டுருது.

உடற்பயிற்சிக்கு ஆதாரமே இல்லையான்னா, இருந்துச்சு. 2011ல லான்செட்ங்கிற மருத்துவப் பத்திரிகைல வந்த பேஸ் ஆய்வு, 641 பேரை நாலு குழுவா பிரிச்சது. உடற்பயிற்சிக் குழு கொஞ்சம் தேறுச்சு, நான் தூக்கிப் பிடிக்கிற வழிக்கு அதுல பெருசா பலன் இல்ல, அதை மறைக்க மாட்டேன். ஆனா உடல் திறன்ல 65 இல்ல அதுக்குக் கீழ மார்க் இருந்தாத்தான் ஆய்வுல சேத்தாங்க, கடைசில 60 எடுத்தாலே அந்த விஷயத்துல நார்மல்னுட்டாங்க. அப்ப 65 மார்க் ஆளு உள்ள வரும்போது நோயாளி, ஒரு மார்க் கூடாமலே நார்மல், இது என்ன கணக்குன்னு எனக்கு இன்னும் புரியல. 2007ல இந்தப் பயிற்சியை சிபாரிசு பண்ணுன இங்கிலாந்துல எந்த நோய்க்கு என்ன சிகிச்சைன்னு வழிகாட்டுற நைஸ் அமைப்பே 2021 அக்டோபர்ல அப்படி வாராவாரம் கூட்டுறதைக் குடுக்காதீங்கன்னு மாத்திருச்சு.

இப்ப நான் பண்றது நம்ம ஊரு முறைப்பாசனம்தான். மேட்டூர்ல தண்ணி கம்மியானா ஒரு முறை காவிரிக்கு, ஒரு முறை வெண்ணாத்துக்குன்னு மாத்தி மாத்தி விடுவாங்கல்ல, அந்த மாதிரி குளிச்ச அன்னைக்கு கடைக்குப் போறதில்ல, கடைக்குப் போன அன்னைக்கு விருந்தாளி கிடையாது, குளிக்கவும் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உக்காந்துக்குவேன். காலைல தலைமடையிலயே எல்லாத்தையும் திறந்து விட்டா சாயங்காலம் கடைமடை காஞ்சுரும். கைல ஒரு வாட்ச், நாடித்துடிப்பு 105 தாண்டுனா கத்தும், செய்யுற வேலையை அப்படியே போட்டுட்டு உக்காந்துருவேன். அந்த 105 எனக்கு தோதா வந்த நம்பர், நீங்க காப்பியடிக்காதீங்க.

குணமாச்சான்னா இல்ல. கடை அரை நாள்தான், வருமானம் பாதி. ஆனா பதினோரு நாள் படுக்கை திரும்ப வரல, அடி விழுந்தாலும் ரெண்டு நாளோட சரி. எந்திரிக்கவே முடியாம கிடக்குறவங்களுக்கு இது எவ்வளவு தூரம் உதவும்னு என் அனுபவத்தை வச்சு சொல்லக் கூடாது, நான் அந்த அளவுக்குப் போனதில்ல.

போன சம்பா நடவுக்கு வரப்புல குடையைப் பிடிச்சுக்கிட்டு ஸ்டூல்ல உக்காந்துருந்தேன். "என்னடா மாப்ள, ஜமீன்தார் கணக்கா உக்காந்துருக்க"ன்னு மாமா கிண்டல் பண்ணாரு. மூணாம் நாள் நீங்க வந்து சோறு ஊட்டுறதா இருந்தா இப்பவே இறங்குறேன் மாமான்னேன், நாத்துக்கட்டைத் தூக்கிக்கிட்டு அவரே இறங்கிட்டாரு.