புது டிராவல் டிரெய்லரை ஆஃப்-கிரிட் முகாமுக்கு மாற்றுதல்: எதை முதலில் தேர்வது, எதை எதோடு ஒப்பிடுவது

புது டிராவல் டிரெய்லர் (வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும், தங்கும் வசதியுள்ள டிரெய்லர்) மின் இணைப்பும் தண்ணீர்க் குழாயும் உள்ள முகாம் மைதானத்தை நம்பிக் கட்டப்பட்டது. அந்த இணைப்புகளே இல்லாத இடத்தில், அதாவது ஆஃப்-கிரிட்டில், தங்க அதை மாற்றியமைக்க வேண்டும். விற்பனை இடத்திலிருந்து வரும்போது அதில் பெரும்பாலும் ஒரே ஒரு 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரிதான் இருக்கும். 75 முதல் 100 ஏ.எச். (ஆம்பியர் மணி, பேட்டரியின் கொள்ளளவு) வரை. பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் உண்மையில் கைக்கு வருவது 40, 50 ஏ.எச். ஹீட்டர் ஓடும் ஒரு குளிர் இரவுக்கு அது போதும். மறுநாளுக்குப் போதாது.

மாற்ற இறங்குபவர்களில் பலர் கூரையில் சோலார் பேனல் மாட்டுவதில் தொடங்குகிறார்கள். அது தலைகீழ் வரிசை. ஃபிரிட்ஜும் ஹீட்டரும் எந்த வகை என்று முடிவானால்தான் ஒரு நாளின் மின்செலவு தெரியும். செலவு தெரிந்தால்தான் பேட்டரியின் அளவு தெரியும். பேனலும் வயரும் சார்ஜரும் அதற்குப் பின்னால் வருபவை. இந்த ஒப்பீடும் அதே வரிசையில் போகிறது.

ஃபிரிட்ஜ்: கேஸா, கம்ப்ரெஸரா

கேஸில் ஓடும் அப்சார்ப்ஷன் ஃபிரிட்ஜ் மின்சாரத்தை அதிகம் கேட்காது. கட்டுப்பாட்டு போர்டுக்கு ஒரு ஆம்பியருக்குள் போதும். நாளைக்கு 10 முதல் 20 ஏ.எச். கேஸ் நாளொன்றுக்குச் சுமார் அரை கிலோ. நிழலில் நிறுத்தி நாலைந்து நாள் அசையாமல் இருப்பவர்களுக்கு இது நல்ல துணை. ஆனால் உள்ளே அம்மோனியாக் கரைசல் புவியீர்ப்பால்தான் சுற்றுகிறது. டிரெய்லர் பக்கவாட்டில் 3 டிகிரிக்கு மேல் சாய்ந்து நெடுநேரம் நின்றால் சுழற்சி தடைபடும், குளிரூட்டும் பகுதி நிரந்தரமாகக் கெடலாம். சூடான மதியங்களில் குளிர்ச்சியும் தளரும். காலியாக இருந்து குளிர அரை நாளுக்கு மேல் ஆகும். 12 வோல்ட்டிலும் ஓடும் மூன்று வழி மாடலாக இருந்தால், அந்த 12 வோல்ட் நிலை வண்டி ஓடும்போது மட்டும் பயன்படட்டும். அது சூடேற்றும் கம்பியை ஓட்டுகிறது. நிறுத்தி வைத்த பேட்டரியை ஒரே இரவில் தீர்த்துவிடும்.

12 வோல்ட் கம்ப்ரெஸர் ஃபிரிட்ஜ் சில மணி நேரத்தில் குளிர்ந்துவிடும், சாய்வைப் பொருட்படுத்தாது, வெயிலுக்கும் அசராது. விலை மின்சாரத்தில்: முழு உயர ஃபிரிட்ஜுக்கு நாளைக்கு 50 முதல் 80 ஏ.எச்.

இந்த ஒன்றுக்காக ஃபிரிட்ஜையே கழற்றி மாற்ற வேண்டியதில்லை. டிரெய்லரோடு எது வந்ததோ அதை வைத்துக்கொண்டு மற்றதை அதற்கேற்ப அமைப்பதே செலவு குறைந்த வழி.

ஹீட்டர்: இங்கேதான் பேட்டரி கரைகிறது

தொழிற்சாலையிலேயே பொருத்தி வரும் கேஸ் ஃபர்னஸுக்கு வெப்பம் கேஸிலிருந்து வந்தாலும் காற்றைத் தள்ளும் விசிறி பேட்டரியில் ஓடுகிறது. 30,000 பி.டி.யு. (வெப்பத் திறனின் அளவு) ஃபர்னஸில் அது 7, 8 ஆம்பியர் இழுக்கும். பத்து மணி நேர இரவில் பாதி நேரம் ஓடினாலே 35 முதல் 40 ஏ.எச். போய்விடும். மேலே சொன்ன ஒற்றை பேட்டரி ஓர் இரவிலேயே ஏன் தீர்ந்து, மறுநாளுக்குப் போதாமல் போகிறது என்பதற்கு விளக்கம் இதுவே.

போட்டியாக நிற்பது 2 கிலோவாட் டீசல் காற்று ஹீட்டர். பற்றவைக்கும்போது சில நிமிடம் 10 ஆம்பியர் அளவில் இழுக்கும், பிறகு 1 முதல் 2 ஆம்பியரில் அடங்கிவிடும். ஓர் இரவுக்கு 10 முதல் 15 ஏ.எச்., மணிக்கு 0.1 முதல் 0.25 லிட்டர் டீசல். பொருத்துவதில் மூன்று இடங்களில் தவறு நடக்கிறது. புகைக்குழாயை டிரெய்லரின் அடிப்பகுதி பிளாஸ்டிக் தகட்டை ஒட்டி இழுத்தால் தகடு உருகும். எரிப்புக்கான காற்றுக்குழாயின் வாயைப் புகைவாய்க்கு அருகில் வைத்தால் ஹீட்டர் தன் புகையையே இழுத்து அணையும். எப்போதும் மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டினால் உள்ளே கரி படியும். அணைக்கும் முன் கால் மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டுவது இதைத் தடுக்கும்.

டீசல் ஹீட்டர் வந்துவிட்டது என்று ஃபர்னஸைக் கழற்றிவிடாதீர்கள். பல டிரெய்லர்களில் ஃபர்னஸின் வெப்பக் குழாயில் ஒன்று அடியிலுள்ள தண்ணீர்த் தொட்டிகளுக்கும் போகிறது. டீசல் ஹீட்டர் அறையை மட்டுமே சூடாக்கும். உறைகுளிரில் ஆள் கதகதப்பாகத் தூங்க, அடியில் குழாய்கள் உறைந்து வெடிக்கும்.

மூன்றாவது வழி, மின்சாரமே வேண்டாத, புகைக்குழாய் இல்லாத கேஸ் ஹீட்டர். ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி உண்டாகிறது. அத்தனையும் அறைக்குள், சுவரில் வியர்வையாக. ஆக்சிஜனையும் அது உங்களோடு பங்கிடுகிறது. விழித்திருக்கும் நேரத்தில், கூரை வென்ட்டும் ஒரு ஜன்னலும் திறந்திருந்தால் மட்டும். தூங்கும்போது கூடவே கூடாது.

இப்போது கணக்கு. கம்ப்ரெஸர் ஃபிரிட்ஜ் 65, ஃபர்னஸ் 38, விளக்கு, தண்ணீர் பம்ப், கேஸ் கசிவு எச்சரிக்கைக் கருவி ஆகியவற்றுக்கு 20, லேப்டாப், போன் 15: நாளைக்கு 138 ஏ.எச். அதே டிரெய்லரில் கேஸ் ஃபிரிட்ஜ் 12, டீசல் ஹீட்டர் 15, மற்றவை அப்படியே: 62 ஏ.எச். பேனலைத் தொடும் முன்பே தேவை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

பேட்டரி

| | லெட்-ஆசிட் | ஏ.ஜி.எம். (மூடிய வகை லெட்-ஆசிட்) | லித்தியம் இரும்பு பாஸ்பேட் |
|---|---|---|---|
| 100 ஏ.எச். எடை | 27–30 கிலோ | சுமார் 30 கிலோ | 11–13 கிலோ |
| பயன்படும் அளவு | பாதி | பாதி அல்லது சற்று மேல் | 80–100 சதவீதம் |
| வைக்கும் இடம் | வெளியே, காற்றோட்டத்தில் | உள்ளே, காற்றுவழியுடன் | உள்ளே |
| 0 டிகிரிக்குக் கீழ் சார்ஜ் | ஆகும் | ஆகும் | ஆகாது |

கையிருப்பு குறைவாக இருந்தால் கோல்ஃப் வண்டியில் வரும் 6 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைப்பது இன்றும் மதிப்புள்ள வழிதான். சுமார் 220 ஏ.எச்., பயன்படுவது 110. எடை 55 கிலோவுக்கு மேல். மாதாமாதம் டிஸ்டில்டு வாட்டர் பார்க்க வேண்டும். ஏ.ஜி.எம். இந்த வேலைக்குப் பொருந்தும் காரணம் ஒன்றே: ஹீட்டர் இல்லாத டிரெய்லரை உறைபனியில் மாதக்கணக்கில் வெளியே நிறுத்தி, சார்ஜும் நடக்க வேண்டும் என்பவர்களுக்கு. மற்றவர்கள் நேராக லித்தியத்துக்குப் போகலாம்.

லித்தியத்தை உறைநிலைக்குக் கீழ் சார்ஜ் செய்தால் லித்தியம் உலோகமாக எதிர்முனையில் படிகிறது. அந்தச் சேதம் திரும்பாது. அதனால் குளிரில் சார்ஜைத் துண்டிக்கும் பி.எம்.எஸ். (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு மின்னணு போர்டு) உள்ளதையே வாங்க வேண்டும். முன்பக்க இழுவைச் சட்டத்தில் வெளியே வைப்பதைவிட, கட்டிலுக்கு அடியில் வைத்தால் குளிர்ப் பிரச்சினை பெரும்பாலும் தானே தீரும். எடையைப் பாருங்கள்: டிரெய்லர் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இழுவை முனையில் இறங்க வேண்டும். முன்னால் இருந்த 55 கிலோ லெட்-ஆசிட் ஜோடியை எடுத்துவிட்டு புது பேட்டரிகளை அச்சுக்குப் பின்னால் வைத்தால் முனை லேசாகி, வேகத்தில் டிரெய்லர் வாலாட்டும்.

பலரும் தவறவிடும் ஒன்று இதைவிட முக்கியம். டிரெய்லர் கொக்கி கழன்றால் தானே பிரேக் பிடிக்கும் சுவிட்ச் இந்த பேட்டரியிலிருந்துதான் மின்சாரம் எடுக்கிறது. மெயின் சுவிட்சுக்குப் பிறகு அதை இணைத்தால், சுவிட்சை அணைத்துவிட்டு ஓட்டும் நாளில் பிரேக் இல்லை. நேராக பேட்டரியில் இணைத்தாலும், பி.எம்.எஸ். துண்டித்த நிலையில் லித்தியம் எதுவும் தராது. அந்த பிரேக்குக்கு மட்டும் ஒரு சிறிய லெட்-ஆசிட் பேட்டரியைத் தனியே வைப்பது நல்லது.

டிரெய்லரோடு வரும் பழைய கன்வெர்ட்டர் (ஏசி மின்சாரத்தை 12 வோல்ட்டாக்கி பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) லெட்-ஆசிட்டுக்கானது, 13.6 வோல்ட்டிலேயே பெரும்பாலும் நின்றுவிடும். லித்தியத்துக்கு 14.2 முதல் 14.6 வோல்ட் வேண்டும். இல்லாவிட்டால் ஜெனரேட்டர் மணிக்கணக்கில் ஓடியும் கடைசிப் பகுதி நிரம்பாது, செல்கள் சமன்படாது.

மிச்சம் எவ்வளவு என்பதை வோல்ட் மீட்டரில் பார்ப்பதும் லித்தியத்தில் உதவாது. 90 சதவீதத்திலும் 40 சதவீதத்திலும் ஏறக்குறைய ஒரே 13.2 வோல்ட்டையே காட்டும். ஷண்ட் (தன் வழியே போகும் கரன்ட்டை அளக்க உதவும் சிறு தடை) வைத்த மானிட்டர் அவசியம். பேட்டரி நெகட்டிவில் ஷண்ட்டைத் தவிர வேறு எந்த வயரும் இருக்கக் கூடாது. டிரெய்லர் சட்டத்துக்குப் போகும் எர்த் வயர் பழையபடி பேட்டரி முனையிலேயே கிடந்தால் அதன் வழியே போகும் கரன்ட் கணக்கில் வராது. மானிட்டர் 70 சதவீதம் என்று காட்டும்போது பேட்டரி அணைந்துபோகும்.

பேனல்: கூரையிலா, தரையிலா

மட்டமாகப் படுத்த 400 வாட், நல்ல வெயில் நாளில் 4.5 மணி நேர முழு வெயிலுக்குச் சமம் என்று வைத்து, 70 சதவீதம் கிடைத்தால் சுமார் 1,260 வாட் மணி, அதாவது 100 ஏ.எச். அளவு. மேலே பார்த்த 62 ஏ.எச். செலவுக்கு 250 வாட் போதும். 138-க்கு 560 வாட் வேண்டும். குளிர்காலத்தில் விளைச்சல் பாதிக்கும் கீழே போகலாம்.

கூரைப் பேனல் எந்நேரமும் வேலை செய்கிறது. ஓட்டும்போதும், நிறுத்தி வைத்திருக்கும்போதும். ஆனால் டிரெய்லரை வெயிலில் நிறுத்தியாக வேண்டும். தரையில் விரிக்கும் 200 வாட் பேனலை, டிரெய்லர் நிழலில் இருக்க, 10 மீட்டர் கேபிளோடு சூரியனை நோக்கிச் சாய்த்து வைக்கலாம். காற்றில் கவிழும், திருடு போகும், ஒவ்வொரு முறையும் எடுத்து வைக்க வேண்டும். விரிக்கும் பேனலின் முதுகில் ஒட்டி வரும் கன்ட்ரோலரை (பேனலின் மின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்பச் சீராக்கும் கருவி) கழற்றி பேட்டரிக்கு அருகே கொண்டுவாருங்கள். தூரத்தில் இருந்தால் கேபிளில் இழந்த வோல்ட்டை அது பேட்டரி வோல்ட் என்று எண்ணிச் சீக்கிரம் சார்ஜைக் குறைத்துவிடும். இரண்டையும் வைத்திருப்பவர்கள் கூரைக்கு ஒரு கன்ட்ரோலர், தரைக்கு ஒன்று என்று பிரிக்க வேண்டும்.

பி.டபிள்யூ.எம்., எம்.பி.பி.டி. என்ற இரு வகை கன்ட்ரோலர்களின் ஒப்பீடு நீளமாகத் தேவையில்லை. 18 வோல்ட் 5.6 ஆம்பியர் பேனலை பி.டபிள்யூ.எம். 13 வோல்ட்டுக்கு இழுத்துவிடுகிறது. 100 வாட் 73 ஆகிறது. இந்த இழப்பைத் தவிர்க்கும் எம்.பி.பி.டி. வாங்குங்கள்.

தொடரா, இணையா என்பதில் கவனம் வேண்டும். 22 வோல்ட் திறந்த மின்னழுத்தமுள்ள (எதனோடும் இணைக்காதபோது காட்டும் வோல்ட்) நான்கு பேனலைத் தொடராக இணைத்தால் 88 வோல்ட். குளிரில் பேனலின் வோல்ட் டிகிரிக்குச் சுமார் 0.3 சதவீதம் ஏறும். மைனஸ் 10 டிகிரி காலையில் 97 வோல்ட் ஆகிவிடும்; 100 வோல்ட் வரம்புள்ள கன்ட்ரோலர் விளிம்பில் நிற்கிறது. நான்கையும் இணையாக இணைத்தால் 22 ஆம்பியர், தடித்த கேபிள். இரண்டிரண்டாகத் தொடராக்கி அந்த இரு ஜோடிகளை இணையாக்குவது நிழலுக்கும் கேபிளுக்கும் நடுநிலையானது.

கூரையில் ஒட்டுவதா, திருகுவதா? ஒட்டும் டேப் கூரையின் ரப்பர் விரிப்பைப் பிடிக்கிறது. அந்த விரிப்போ அடிப்பலகையில் பசையால் ஒட்டியது. காற்று தூக்கினால் விரிப்போடு பெயரலாம். திருகைக் குறுக்குச் சட்டத்தில் இறக்கி, காலுக்கு அடியில் பியூட்டைல் டேப், மேலே தானே பரவி மட்டமாகும் லேப் சீலன்ட் என்று முடிப்பதே நிலைக்கும். சிலிக்கான் வேண்டாம், ரப்பர் விரிப்பில் சரியாகப் பிடிக்காது, பிறகு வேறெதையும் அதன் மேல் ஒட்ட விடாது. பேனலுக்கு அடியில் இரண்டு விரல் காற்றிடைவெளி வேண்டும். கேஸ் ஃபிரிட்ஜ் இருந்தால் அதன் கூரை வென்ட் வழியே கேபிளை இறக்கினால் புது ஓட்டையே தேவையில்லை. துளையிடும் முன் வாரண்டித் தாளில் கூரைப் பகுதியைப் படித்துவிடுங்கள்.

இழுக்கும் வண்டியிலிருந்து சார்ஜ்

7 பின் இணைப்பில் வரும் சார்ஜ் வயர் பெரும்பாலும் 5 ஸ்கொயர் எம்.எம். அளவுதான். போகவர 20 மீட்டரில் 15 ஆம்பியருக்கே ஒரு வோல்ட் தொலைகிறது. லித்தியம் அதில் நிரம்பாது. அந்த மெல்லிய வயர்தான் ஆல்டர்னேட்டரையும் காக்கிறது. வயரை மட்டும் தடிமனாக்கி லித்தியத்தை நேராக இணைத்தால், அது கிடைத்ததையெல்லாம் இழுத்து, குறைந்த வேகத்தில் ஆல்டர்னேட்டரைச் சுட வைக்கும். 16 ஸ்கொயர் எம்.எம். கேபிளும், கரன்ட்டை அளவோடு எடுத்து பேட்டரிக்கேற்ற வோல்ட்டில் தரும் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜரும் சேர்ந்தே வர வேண்டும். இரு முனையிலும் பேட்டரி இருப்பதால் இரு முனையிலும் 60 ஆம்பியர் ஃபியூஸ். மூன்று மணி நேரப் பயணம் 90 ஏ.எச். தரும். தினமும் இடம் மாறுபவர்களுக்கு இது பேனலைவிட நம்பகமானது.

இன்வெர்ட்டர்: 300 வாட்டா, 2,000 வாட்டா

லேப்டாப்பும் கேமராவும் மட்டும் என்றால் 300 வாட் போதும். 2,000 வாட் முழுச் சுமையில் 185 ஆம்பியர் இழுக்கும்: 70 ஸ்கொயர் எம்.எம். கேபிள், இரண்டு மீட்டருக்குள், பேட்டரியை ஒட்டி 250 ஆம்பியர் கிளாஸ்-டி (Class T) ஃபியூஸ். 100 ஆம்பியர் பி.எம்.எஸ். உள்ள ஒற்றை பேட்டரி இதைத் தாங்காமல் துண்டித்துவிடும், இரண்டு வேண்டும். மைக்ரோவேவில் பத்து நிமிடம் 20 ஏ.எச். சும்மா நின்றாலும் 20 வாட் தின்னும் இன்வெர்ட்டர் ஒரு நாளில் 37 ஏ.எச். எடுத்துவிடும், அதாவது ஃபர்னஸின் ஓர் இரவு. வேலை முடிந்ததும் அணைத்துவிட வேண்டும்.

இன்வெர்ட்டரை டிரெய்லரின் ஏசி போர்டோடு இணைத்தால் கன்வெர்ட்டரின் பிரேக்கரை அணையுங்கள். இல்லாவிட்டால் பேட்டரி இன்வெர்ட்டரை ஓட்ட, அது கன்வெர்ட்டரை ஓட்ட, அது அதே பேட்டரியைச் சார்ஜ் செய்ய என்று சுற்றிச் சுற்றி இழப்பு மட்டும் மிஞ்சும். தானியங்கி நிலையில் உள்ள கேஸ் ஃபிரிட்ஜும் வாட்டர் ஹீட்டரும்கூட ஏசி வந்துவிட்டது என்று நம்பி மின்சாரத்துக்குத் தாவும்.

ஏர்கண்டிஷனரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 13,500 பி.டி.யு. அளவு 1,200 முதல் 1,500 வாட் தின்கிறது, 100 ஏ.எச். லித்தியம் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. அதற்கு சாஃப்ட் ஸ்டார்ட்டருடன் (தொடங்கும்போது வரும் திடீர் இழுப்பைக் குறைக்கும் கருவி) 2,000 வாட் ஜெனரேட்டர். உயரமான இடங்களில் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் அதன் திறன் சுமார் 3 சதவீதம் குறையும்.

தண்ணீரும் எடையும்

நன்னீரைக் குடத்தில் கொண்டுவந்து சேர்க்கலாம். நிரம்பிய கழிவுநீர்த் தொட்டியை அங்கேயே திறந்துவிட முடியாது. ஆகவே தங்கும் நாள்களைத் தீர்மானிப்பது பெரும்பாலும் குளியல், பாத்திரக் கழிவுத் தொட்டிதான். பெரிய நன்னீர்த் தொட்டியைவிட, கைப்பிடியில் நிறுத்தும் பொத்தானுள்ள குறைநீர் ஷவரும், கழிவை அள்ளிச் செல்ல சக்கரம் வைத்த தொட்டியும் அதிக நாள் தரும்.

கதவருகே ஒட்டியிருக்கும் சரக்கு எடை ஸ்டிக்கரை முதல் நாளே குறித்துக்கொள்ளுங்கள். 400 வாட் கண்ணாடிப் பேனலும் தாங்கிகளும் சேர்ந்தே 30 கிலோ தொடும்; டீசல், கருவிகள் தனி; 150 லிட்டர் தண்ணீர் 150 கிலோ. எல்லாம் ஏற்றி முடித்ததும் எடைமேடையில் ஒருமுறை முழு எடையையும், முனை எடையைத் தனியாகவும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.