தோட்டத்துல ஃபவுண்டன் வைக்கப் போறவங்க, அட்வான்ஸ் கொடுக்குமுன்ன இதை வாசிங்க

நாகர்கோவில், தக்கலை பக்கம் வீட்டுத் தோட்டத்துல ஃபவுண்டன் வைக்க ஆள் தேடுறவங்களுக்காக இதை எழுதுறேன். எங்க வீட்டுல போன பணம் ஒரு பக்கம் கிடக்கட்டும். ஒரு உயிர் போயிருக்கும், அதுதான் எனக்கு ஆறல.

மூணு தட்டு வச்ச கருங்கல் ஃபவுண்டன், மயிலாடியில கொத்துன கல்லு, ஆறடி அகலத்துல தொட்டி, மோட்டார், லைட்டு எல்லாம் சேர்த்து 85 ஆயிரம்னு பேச்சு. அதுல 60 ஆயிரத்தை வேலையை எடுத்த காண்ட்ராக்டர் முதல்லயே வாங்கிட்டார். வந்து இறங்கினது கல்லே இல்ல. சிமெண்டை அச்சுல வார்த்து கறுப்புப் பெயிண்ட் அடிச்சது. கேட்டா, "அண்ணாச்சி, இப்ப எல்லாரும் இதைத்தான் வைக்காங்க, கல்லை விட உழைக்கும்"னு சொல்லுதார். ஆனி மழை அடிச்சதும் பெயிண்ட் உரிஞ்சு வந்துட்டு. மயிலாடி நமக்குப் பக்கம்தானே, நேரா பட்டறைக்கே போய் கல்லைப் பார்த்துச் சொல்லி வைங்க. கருங்கல் ஒரு கன அடி சுமார் 75 கிலோ வரும். ரெண்டு பேர் அலுங்காம மூணு தட்டையும் தூக்கி வச்சா அது கல்லு இல்ல.

தொட்டியைச் செங்கல்ல கட்டி, பூசி, மறுநாளே டைல்ஸ் ஒட்டிட்டாங்க. நிறைச்ச தண்ணி விடியுறதுக்குள்ள அரையடி இறங்கிச்சு. "வெயிலுக்கு வத்தும்"னு பதில். ராத்திரியில ஏது வெயில்? நல்ல கோடையிலயே ஒரு நாளைக்கு ஆவியாப் போறது சில மில்லிமீட்டர்தான். சந்தேகம்னா ஒரு வாளியில தண்ணி நிறைச்சு தொட்டிக்குள்ள வச்சுப் பாருங்க. வாளியை விடத் தொட்டியில கூடுதலாக் குறைஞ்சா அது ஒழுக்குதான். டைல்ஸ் ஒட்டுமுன்ன 48 மணி நேரம் தண்ணி நிறுத்திக் காட்டாம அடுத்த பணத்தைக் கொடுக்காதீங்க. ஒட்டின பிறகு விரிசலைத் தேட டைல்ஸை உடைக்கணும். எங்க வீட்டுல உடைச்சுக்கிட்டுதான் இருக்கோம்.

மோட்டாரும் அப்படித்தான். மணிக்கு 2500 லிட்டர், 2 மீட்டர் உயரம்னு லேபிள்ல போட்டிருக்கு. அந்த ரெண்டும் ஒரே நேரத்துல கிடைக்காது. 2500 லிட்டர்ங்கிறது உயரமே ஏத்தாதப்போ வர்ற அளவு, 2 மீட்டர்ங்கிறது தண்ணி வரத்து அப்படியே நின்னுபோற உயரம். எங்க மேல்தட்டு ஐந்தரை அடியில இருக்கு. அங்க தண்ணி சொட்டத்தான் செய்யுது.

இனி சொல்லப் போறதுதான் முக்கியம். தொட்டியில விழுந்து கிடந்த மாவிலையை எடுக்க எங்க அம்மை கைய விட்டாங்க, கரண்டு அடிச்சிட்டு. கால்ல ரப்பர் செருப்பு கிடந்தது, கையையும் உடனே இழுத்துட்டாங்க. வேற எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு தண்ணியை வடிச்சுப் பார்த்தா, மோட்டார் வயர் நீளம் பத்தாம இன்னொரு வயரை முறுக்கி, டேப் சுத்தி, தண்ணிக்கு அடியிலயே போட்டிருக்காங்க. எர்த் வயரை நறுக்கி விட்டிருக்காங்க. "எம்சிபி இருக்கு, ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்லிட்டுப் போன ஆளு! எம்சிபிங்கிறது கரண்டு அளவுக்கு மேல போனா தானா விழுற சுவிட்சு, வயரைக் காப்பாத்துறதுக்கு உள்ளது. 6 ஆம்பியர் எம்சிபிக்கு, ஆளைக் கொல்லப் போதுமான 100 மில்லி ஆம்பியர் ஒரு கணக்கே இல்ல. கரண்டு கசிவைப் பார்த்து நிறுத்துறது ஆர்சிசிபிங்கிற சுவிட்சு, அதுவும் 30 மில்லி ஆம்பியர் உள்ளதா இருக்கணும். அதோட டெஸ்ட் பட்டனை உங்க முன்னால அமுக்கிக் காட்டச் சொல்லுங்க. குழந்தைங்க உள்ள வீடுன்னா 12 வோல்ட் மோட்டாரும் லைட்டும் கேளுங்க, டிரான்ஸ்ஃபார்மர் தொட்டியை விட்டுத் தள்ளி, நனையாத இடத்துல இருக்கட்டும். தண்ணிக்குள்ள ஒட்டுப் போட்ட வயர் இருக்கவே கூடாது.

இதைச் சொல்லக் கூப்பிட்டா முதல்ல "ஆளை அனுப்புதேன்"னார். அப்புறம் கேரண்டி மோட்டாருக்கு மட்டும்தான்னார். இப்ப போனை எடுக்கிறதே இல்ல.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடிச்சு புகாரைப் பதிஞ்சிருக்கேன். அடுத்து நாகர்கோவில்ல உள்ள நுகர்வோர் குறைதீர் ஆணையத்துல மனு. குறை வந்ததுல இருந்து 2 வருஷத்துக்குள்ள போடலாம், கொடுத்த பணம் 5 லட்சம் வரைன்னா மனுவுக்குக் கட்டணம் இல்ல. நல்லவேளை அட்வான்ஸை வங்கி வழியா அனுப்பினேன், வாட்ஸ்அப்ல "மயிலாடி கல்"னு அவரே எழுதினதும் இருக்கு. நீங்களும் கல்லு, மோட்டார், ஆர்சிசிபி எல்லாத்தையும் பேர் போட்டு எழுதி வாங்குங்க.

அந்த ஆள் இன்னும் வேலை எடுத்துக்கிட்டுதான் இருக்கார். இதே மாதிரி ரேட் உங்களுக்கு யாராவது சொன்னா என்னைக் கேளுங்க, வயரையும் தட்டையும் எடுத்த போட்டோ எல்லாம் அனுப்பித் தாறேன்.