மலையேறிய கப்பலா, புயலில் சிக்கிய படப்பிடிப்பா?

யாழ்ப்பாணத்தில் முப்பது பேர் கொள்ளும் சிறு மண்டபம், ஒரு மாலை, ஒரு படம். ஒரு படம் எடுக்கப்பட்ட கதையைச் சொல்லும் இந்த இரண்டு ஆவணப்படங்களில் எதைப் போடுவது? இரண்டும் ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம்.

லெஸ் பிளாங்க் எடுத்த 'பேர்டன் ஒஃப் ட்ரீம்ஸ்' (1982), ஜேர்மன் இயக்குநர் வேர்னர் ஹெர்சொக் பெரு நாட்டுக் காட்டில் 'ஃபிற்ஸ்கறால்டோ' எடுத்த கதை. நாயகன் ஜேசன் றொபார்ட்ஸ் நோயால் இடையில் விலக, கிளவுஸ் கின்ஸ்கியை வைத்து முதலிலிருந்து தொடங்குகிறார்கள். விருந்தே, படக்கதைக்காக உண்மையான கப்பலை மேட்டில் இழுக்கும் பகுதிதான். பொறியியலாளர் 20 பாகைச் சரிவுக்குக் கணக்குப் போட, ஹெர்சொக் 40 கேட்கிறார்; ஆட்கள் சாகலாம் என்று எச்சரித்துவிட்டுப் பொறியியலாளர் கிளம்பிவிடுகிறார். பிறகு சேறு, பழுதாகும் புல்டோசர், கப்பி, கம்பிவடம். எது ஏன் பிழையாகப் போனது என்பது கண்முன்னே தெரியும்.

'ஹார்ட்ஸ் ஒஃப் டார்க்னஸ்' (1991) வேறு வகை. இயக்குநர் கொப்போலா பிலிப்பைன்ஸில் 'அபொகலிப்ஸ் நவ்' எடுத்தபோது அவரது மனைவி எலினோர் எடுத்த காட்சிகளோடு பின்னாளைய பேட்டிகளைச் சேர்த்தது. 1976 இல் புயல் செட்டுகளை அழிக்கிறது; 1977 இல் நாயகன் மார்ட்டின் ஷீனுக்கு மாரடைப்பு; இராணுவம் கொடுத்த ஹெலிகொப்ரர்கள் கிளர்ச்சியாளரைத் தேடி இடையில் பறந்துவிடுகின்றன. எலினோர் கணவருக்குத் தெரியாமல் பதிந்த பேச்சுத்தான் உயிர்நாடி. அந்த இடத்தில் மின்விசிறியை நிறுத்துங்கோ, இல்லாவிட்டால் பாதி கேளாது.

கமெரா தூக்கும் பிள்ளைகள் வந்தால் முதலாவது. காசு போட்டுப் படமெடுக்க நினைப்பவர்கள் வந்தால், தயங்காமல் இரண்டாவது.